சோலைமலை போன வழி

"சத்தியம் பண்ணு தாயி."

கிழவன் சோலைமலையின் கை மருமகள் ராக்காயியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நாலைந்து நாளாக ஒரு வாய்க் கஞ்சி இறங்காத உடம்பு. ஆனால் அந்தப் பிடியில் மட்டும் பழைய ரயில்வே கேங் ஆளின் பலம் மிச்சமிருந்தது. சம்மட்டி பிடித்த கை அல்லவா!

"என்னத்துக்கு மாமா இப்பப் போயி சத்தியமெல்லாம்? கொஞ்சம் கஞ்சித் தண்ணி குடிங்க."

"கஞ்சி கெடக்கட்டும். என்னைய அந்தச் சொரங்கத்துக்குள்ள கொண்டு போகக் கூடாது. தெரு வழியாக் கொண்டு போகணும். நான் கல்லு போட்ட தெரு தாயி அது. சத்தியம் பண்ணு."

லயம் என்கிற அந்த வரிசை வீட்டின் வாசலில் குந்தியிருந்த அழகன் வாயிலிருந்த பீடியை எடுத்தான். அவன் சோலைமலையின் தம்பி மகன். கிழவனுக்குப் பெற்ற பிள்ளை உயிரோடு இல்லாததால் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியவன் அவன்தான். வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினான். பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருக்கும் வீரம்மா வெந்நீர்ச் சட்டியோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

ராக்காயி கிழவனின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. திறந்திருந்த வாசலுக்கு வெளியே, மழைச் சாரலுக்கு அப்பால், மலையடியில் கறுத்துத் தெரிந்த ரயில் சுரங்க வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக அந்த லயத்தில் யார் வாசலைத் திறந்தாலும் முதலில் தெரிவது அந்த வாய்தான்.

"சத்தியம் மாமா" என்று அவர் உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தினாள்.

பிடி தளர்ந்தது. அழகன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"என்ன காரியம் மதினி பண்ணிப்புட்டீங்க? நடக்கிற காரியமா இது?"

"தன்னால நடக்கிற காரியத்துக்கு எவன் சத்தியம் கேப்பான்?" என்றாள் ராக்காயி.

கரிக்கொட்டாய் என்பது அந்த ஊரின் பெயர். ஸ்டேஷன் பலகையில் ஏதோ ஒரு துரையின் தோட்டத்துப் பெயர் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அந்தப் பெயரை டிக்கட் கொடுக்கிறவர் தவிர வேறு யாரும் வாயால் சொன்னதில்லை. இலங்கை மலைநாட்டில், கொட்டகலையைத் தாண்டி மலையேறி வரும் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற இடம். யாரும் திட்டம் போட்டு ஊரைக் கட்டவில்லை. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். பக்கத்தில் கரி கொட்டி வைக்க ஒரு கொட்டாய். கரி அள்ள ஆள் வந்தது, ஆளுக்கு அரிசி வேண்டியிருந்தது, அரிசி விற்கக் கடை வந்தது. கடை வந்தால் கோவில் வராமல் இருக்குமா? கோவில் வந்தபிறகு அதற்கு ஒரு தெரு. தெரு என்று ஒன்று ஆனதும், அதில் யார் போகலாம், யார் போகக் கூடாது என்கிற சட்டமும் ரயிலின் கடைசிப் பெட்டி மாதிரி பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது.

அந்தத் தெருவின் கதை இன்னும் விசேஷம். கரி வண்டிகளை ஒதுக்கி நிறுத்த ஒரு காலத்தில் ஸ்டேஷனிலிருந்து ஒரு கிளைத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதற்குக் கல் உடைத்துக் கொட்டி, சிலிப்பர் கட்டை அடுக்கி, சம்மட்டி அடித்தவர்களில் இளந்தாரி சோலைமலையும் ஒருவர். பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல் படுகை மட்டும் நேராக, மட்டமாக, நனைந்தாலும் சேறாகாமல் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் கடைகள் முளைத்தன. அதுதான் கரிக்கொட்டாய் பஜார்.

கேங் லயத்துச் சனம் அந்தத் தெருவில் உயிரோடு நடக்கலாம். மூட்டை தூக்கலாம், வாசல் கூட்டலாம், மாரியம்மன் திருவிழாவில் தப்படித்துக்கொண்டு தேருக்கு முன்னால் போகலாம். செத்தபிறகு மட்டும் போகக் கூடாது. அம்மன் தேர் ஓடுகிற தெருவாம். கடைக்காரர் வீட்டுப் பிணங்கள் அதே தெருவில் பூ இறைத்துக்கொண்டு போகும். அப்போதெல்லாம் அம்மன் பெருந்தன்மையாக இருந்துவிடுவாள் போலிருக்கிறது. மயானம் மலைக்கு அந்தப் பக்கம், தெரு வழியாக மலையைச் சுற்றிப் போக வேண்டும். அதை விட்டால் ஒருபுறம் கிடுகிடு பள்ளம், மறுபுறம் தோட்டத்துத் தேயிலை மலை. கொழுந்து மலைக்குள் பிணத்தைக் கொண்டுவரத் துரை சம்மதிக்க மாட்டார். ஆகவே லயத்துப் பிணங்களுக்கு ரயில் போகும் வழியே வழியாயிற்று. மலையைக் குடைந்துபோகும் சுரங்கம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் சோலைமலையின் பெண்சாதி வேலாயி செத்துப்போனாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, இந்தியாவிலிருந்து வந்த இந்தச் சனத்துக்கு ஓட்டும் பிரஜாவுரிமையும் இல்லையென்றாகி, சோலைமலையின் கேங் வேலையும் போயிருந்த சமயம். வழக்கப்படி லயத்திலிருந்து ஓர் ஆள் போய் ஸ்டேஷன் மேடைக்குக் கீழே நின்று, "ஐயா, எப்பங்க போகலாம்?" என்று கேட்டான். ரயில் இல்லாத நேரத்தைச் சொல்வது அங்கே இருப்பவரின் வழக்கம். பதுளை ரயில் போய்விட்டது, இனிச் சாயந்தரம்தான் அடுத்தது, இப்போது போகலாம் என்று பதில் வந்தது. சொன்னவர் ஒன்றை மறந்துபோனார். பதுளை ரயிலை ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போன இஞ்சின், உச்சியில் அதை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டும். தள்ளு இஞ்சின் என்பார்கள். இறக்கத்தில் அதற்குப் புகையும் இருக்காது, பெரிய சத்தமும் இருக்காது. சும்மா உருண்டு வரும்.

அது வந்தபோது சுரங்கத்துக்குள் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் காத்துக்கருப்பு அண்டாமல் இருக்கச் சுரங்கத்துக்குள் ஓங்கி அடிப்பது இவர்கள் வழக்கம். நாலு பக்கமும் பாறை. ஒரு தப்பு பத்துத் தப்பாகக் கேட்கும். அந்த முழக்கத்தில் இஞ்சின் வருவது ஒருவர் காதிலும் விழவில்லை. பாடையைப் போட்டுவிட்டுப் பாறையோடு ஒட்டிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன ஆண்டியப்பனும் தப்படித்த இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். ஆண்டியப்பன், வேலாயியின் ஒரே மகன். ராக்காயியின் புருஷன்.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. கைகாட்டி மரத்துச் சந்தியோடு நின்றுவிடுவார்கள். ராக்காயியும் அங்கேதான் நின்றிருந்தாள். மலைக்குள்ளிருந்து தப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாதி அடியில் நின்றது. கை மாற்றுகிறார்கள் போலும், மறுபடி அடிப்பார்கள் என்று காத்திருந்தாள். சத்தம் வரவில்லை, இஞ்சின் வந்தது. அதன் நெற்றிக் கொக்கியில் மாமியாரின் சாமந்தி மாலை தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு வந்த பெரிய மனிதர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள். சுரங்கத்துக்குள் ஆள் நடக்கக் கூடாதென்று வாயிலேயே பலகை இருக்கிறதே, ஏன் போனீர்கள்? பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றவர் கோவில் தர்மகர்த்தா, சில்லறைக்கடைச் செல்லசாமி முதலாளி. சோலைமலை அவர் முகத்தைப் பார்த்தார். "புத்தியில்லாமப் போயிட்டோமுங்க" என்றார். தெருவில் விடவில்லை என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. மகனைப் பறிகொடுத்ததைவிட அந்த வராத வார்த்தைதான் கிழவனை உள்ளே உட்கார்ந்து அரித்தது என்று ராக்காயிக்குத் தெரியும்.

அன்றிலிருந்து பனி இறங்குகிற நேரங்களில் சுரங்கத்துக்குள் தப்புச் சத்தம் கேட்கும். ராக்காயிக்கு மட்டும் கேட்டால் பைத்தியம் என்று தள்ளிவிடலாம். பஜாருக்கே கேட்டது. கடை வாசலில் அரட்டையடிப்பவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்துவார்கள். தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். சத்தம் ஒவ்வொரு தடவையும் பாதி அடியில் நின்றுபோகும். நின்றபிறகு வருகிற அந்த அமைதிதான் யாராலும் தாங்க முடியாதது. ஆடிதோறும் செல்லசாமி முதலாளி தலைமையில் சுரங்க வாயில் ஒரு கறுப்புச் சேவல் அறுப்பார்கள். பேய்களுக்குச் சேவல் கொடுக்க அந்த ஊருக்கு மனம் இருந்தது. பிணங்களுக்கு வழி விடத்தான் மனமில்லை.

சோலைமலை மறுநாள் விடியற்காலையில், தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்னால் அடங்கிப்போனார்.

அன்றைக்கென்று கோவிலில் கொடி ஏறியிருந்தது. சாயந்தரம் ஓடையில் கரகம் பாலித்து, அம்மனை அதில் இறக்கி, கோவிலுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாம் நாள் தேர். செய்தி கேட்டதும் செல்லசாமி முதலாளியே குடையோடு லயத்து முனைவரை வந்துவிட்டார். கையில் ஒரு கோடித் துணியும் இருந்தது. நல்ல மனிதர்தான். சாவு வீட்டுக்குக் கோடி கொடுக்காமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

"அழகு, பெரியவர் போயிட்டாராமே. நல்ல சாவுப்பா. வெரசா எடுத்துருங்க, என்னா? சாயந்தரம் கரகம் வருது. ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நானே பேசிட்டேன். பன்னெண்டுக்கு மேல சொரங்கம் காலியாம்."

அழகன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனுக்குப் பின்னாலிருந்து ராக்காயி பேசினாள்.

"தெரு வழியாத்தான் மொதலாளி கொண்டு போறோம். மாமாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

முதலாளி கோபப்படவில்லை. பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

"சாகப் போறவங்க ஆயிரம் கேப்பாங்க ஆத்தா. எல்லாத்தையும் செய்ய முடியுமா? நான் என்னா தடுக்கிறேன்? அம்மன் தெரு. தெய்வக் குத்தம் வந்துச்சுன்னா உங்க சனத்துக்கும்தானே வரும்." கோடித் துணியை அழகன் கையில் போட்டுவிட்டுத் திரும்பினார். நாலடி போய், "ஒரு சத்தியத்துக்காக மொத்த லயத்தையும் பட்டினி போட்டுறாத" என்றார். அவர் கடையை விட்டால் அந்த மலையில் அரிசிக்கு வேறு கடை கிடையாது.

லயத்து ஆண்கள் கூடிப் பேசினார்கள். பேச்சென்ன, முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் குணரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். விபூதிக் கீற்றும் வெள்ளைச் சட்டையுமாக மேசையில் இருந்தார்.

"என்ன பிள்ளை, நேரம் கேக்கத்தானே வந்தனீ? முதலாளி வந்து கேட்டிட்டுப் போட்டார். பயப்பிட வேண்டாம். இந்தமுறை தள்ளு எஞ்சினையும் பாத்துத்தான் சொன்னனான்."

"அதுக்கு இல்லீங்க மாஸ்டர் ஐயா. போகக் கூடாதுன்னு நீங்க சொல்லணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன?"

"சொரங்க வாயில பலகை போட்டிருக்குதுங்களே. அதையே வாயால ஒரு தடவ சொல்லுங்க. பொணம் உள்ள போகக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டா, அவங்க தெருவ விட்டுத்தானே ஆகணும்?"

குணரத்தினம் கெட்டவர் இல்லை. அவள் கேட்பது என்ன என்று நன்றாக விளங்கியது. தன் ஊரில் எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், எந்தச் சந்து ஒழுங்கையால் யார் போகலாம் என்று பார்த்து வளர்ந்தவருக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"இது உங்கட ஊர் வழக்கம் பிள்ளை. நான் இண்டைக்கு இருப்பன், நாளைக்கு வேற இடத்துக்கு மாத்திப் போடுவினம். எனக்கேன் இந்த வில்லங்கம்? நீங்கள் வழமைபோலப் போங்கோ. நான் ஒண்டும் காணேல்லை எண்டு இருந்திடுறன்."

"பத்து வருசத்துக்கு முந்தியும் யாரும் காணலீங்க ஐயா. அதனாலதான் மூணு பேரு செத்தாங்க."

அவர் மேசையிலிருந்த பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போய் நின்றார். ரயில் எதுவும் வருகிற நேரமல்ல அது.

உச்சி வேளைக்குப் பாடை கிளம்பியது. கையில் கொள்ளிச்சட்டியும் தோளில் தப்புமாக அழகன் முன்னால் போனான். லயத்திலிருந்து கைகாட்டிச் சந்திவரை தப்படிக்கலாம், அதற்கப்பால் அடிப்பதில்லை. பத்து வருஷமாகச் சுரங்கத்துக்குள் எந்தப் பிணமும் தப்போடு போனதில்லை. திருடிக்கொண்டு போவதுபோல மூச்சுக் காட்டாமல் கொண்டு போவார்கள். சந்தியில் பாடையை இறக்கி வைத்துத் தலைமாடு கால்மாடு மாற்ற வேண்டும். பெண்கள் மூன்று சுற்றுச் சுற்றி விழுந்து கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். இடப் பக்கம் போனால் சுரங்கம். வலப் பக்கம் தெரு. தெரு முனையில் மாவிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது.

பாடை இறங்கியது. சுற்றி முடிந்தது. மற்றப் பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். ராக்காயி போகவில்லை.

"மதினி, நேரமாச்சு. தூக்கணும்" என்றான் அழகன்.

"தூக்குங்க. தெருப் பக்கமாத் தூக்குங்க."

"வெளையாடாதீங்க மதினி. நாளைக்குக் கஞ்சிக்கு என்னா பண்றது? நான் புள்ளகுட்டிக்காரன்."

அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் கிழவனின் கை இன்னும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்ததுபோல் இருந்தது.

"சரி. தெருவுல தூக்க வேணாம், சொரங்கத்துலயும் தூக்க வேணாம். இங்கனயே இருக்கட்டும். மாமாவுக்கு என்னா அவசரம்?"

சொல்லிவிட்டு, பாடையின் தலைமாட்டில் ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. தூக்கிய பிணத்தை வீட்டுக்குத் திருப்பக் கூடாது. தெருமுனையில் பிணம் கிடக்கும்வரை கோவில் நடை திறக்கக் கூடாது, பஜாரில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. ஓடையிலிருந்து கோவிலுக்கு வருகிற கரகம் இந்தச் சந்தியைத் தாண்டித்தான் வர வேண்டும். இதெல்லாம் பஜாரே போட்டு, பஜாரே காத்துவந்த சாத்திரம். அழகனுக்கு அது மெல்லப் புரிந்தபோது வாய் திறந்தபடி நின்றுவிட்டான்.

பாதி வழி போய்விட்ட வீரம்மா திரும்பிப் பார்த்தாள். பார்க்கக் கூடாது, பார்த்தாள். வந்து ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுலயும் இன்னிக்கு அடுப்பு எரியல" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

செல்லசாமி முதலாளி இந்தத் தடவை சிரித்துக்கொண்டு வரவில்லை. கடைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூட வந்தார்கள். பாடைக்குத் தள்ளியே நின்றார்கள்.

"பொம்பளைங்க பொணத்தோட சந்தியில உக்காருறதா? எந்த ஊரு மொறடி இது?"

"எடுத்துட்டுப் போயிடுறோம் மொதலாளி. வழிய விடுங்க."

"பொணத்தப் போட்டுச் சாமிய மறிக்கிறியா நீ?"

"நான் யாரையும் மறிக்கல. நாங்கதான் இத்தன காலமா மறிக்கப்பட்டுக் கெடக்கோம். நடு ரோட்டுல படுத்திருக்கிற இந்த மனுசன் போட்ட கல்லுலதான் உங்க கட, உங்க கோயில், எல்லாம் நிக்குது. அந்தக் கல்லு மேல ஒரு தடவ போகணும்னாரு. வேற சொத்து எதுவும் கேக்கல."

"அழகு! என்னாடா பாத்துக்கிட்டு நிக்கிற? நாளைக்கு அரிசி வேணாமா உங்களுக்கு?"

அழகன் வாய் திறந்தான். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா நின்றதுபோலவே தானும் நிற்கிறோம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். பாடையைப் பார்த்தான், தப்பைத் தோளிலிருந்து இறக்கினான், அவனும் தரையில் குந்திவிட்டான்.

நேரம் போயிற்று. சுரங்கம் காலியாக இருந்த நேரமும் போயிற்று. ஒரு சரக்கு ரயில் உள்ளே நுழைந்து மலையை அதிரவைத்துவிட்டுப் போனது. அதன் புகை வாயை விட்டு வெளியே வந்து, இறங்கத் தொடங்கியிருந்த பனியோடு கலந்து சந்தியை மூடியது. ஓடைப் பக்கம் உடுக்கைச் சத்தம் எழுந்தது. கரகம் பாலிக்கப் பூசாரி இறங்கிவிட்டார்.

"கேக்குதா?" என்றார் கடைக்காரர்களில் ஒருவர்.

எல்லாரும் சுரங்கத்தைப் பார்த்தார்கள். உடுக்கை அல்ல, மற்றது. அவர்கள் முகங்களிலிருந்து ரத்தம் இறங்குவதை ராக்காயி கண்டாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்து வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பனி இறங்கியும் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

செல்லசாமி முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைகள எல்லாம் சாத்தச் சொல்றேன். யாரும் வெளிய வர மாட்டாங்க. நாங்க பாக்கல, அவ்வளவுதான். பாக்காத காரியம் நடக்காத காரியம். வெரசாக் கொண்டு போயிருங்க. தப்படிக்க மட்டும் கூடாது."

நியாயம் பிறந்து அவர் வழி விடவில்லை. கரகம் நின்றுவிடும் என்ற பயமும் சுரங்கத்தின் பயமும் சேர்ந்து விட்ட வழி அது. ராக்காயிக்கு அது தெரியாமலில்லை. எழுந்து புடவையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, "தூக்குங்க" என்றாள்.

பாடை தோரணத்துக்குக் கீழே நுழைந்தது. வழக்கத்தை மீறி ராக்காயியும் கூடவே நடந்தாள். இரண்டு பக்கமும் கடைப் பலகைகள் இறுக்கி மூடியிருந்தன. பலகை இடுக்குகளில் கண்கள் இருந்தன, பார்க்காத கண்கள். காலடிச் சத்தம் கதவுகளில் பட்டுத் திரும்பி வந்தது. வெளிச்சம் மங்கிய அந்தத் தெருவில் நடக்கும்போது, இதுவும் ஒரு சுரங்கம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

திறந்திருந்தது ஒரே ஒரு கடை. சிங்களத் தையல்காரர் ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு, எழுந்து, தலை குனிந்து நின்றார். கடையைச் சாத்தும்படி அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காரணம் கேட்டால் என்ன சொல்வது?

கோவில் முன்னால் வந்தபோது அழகன் நின்றான். ஒரு கையில் கொள்ளிச்சட்டி. அதைப் பேசாமல் ராக்காயியிடம் நீட்டினான். பெண் தொடக் கூடாத சட்டி. அவள் வாங்கிக்கொண்டாள். தோளில் கிடந்த தப்பை அவன் முன்னால் இழுத்தான். முதல் அடி விழுந்ததும் உள்ளே யாரோ பலகைக்குப் பின்னால் "அம்மா தாயே" என்று கூவினார்கள். மற்றத் தப்புகளும் சேர்ந்துகொண்டன. தெரு முடியும்வரை, மலையைச் சுற்றி மயானம் வரும்வரை, தப்பு பாதியில் நிற்கவேயில்லை. ராக்காயி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மாமனுக்காகவும் அழுதாள், ஆண்டியப்பனுக்காகவும் அழுதாள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் தெருவைச் சாணி கரைத்துக் கழுவியிருந்தார்கள். ஸ்டேஷன் தொட்டித் தண்ணீர் இறங்கிப்போகும் அளவுக்குக் கழுவியிருந்தார்கள். கழுவிய தெருவில் கரகம் உடுக்கையோடு போயிற்று. மறுநாள் அரிசிக்குப் போனவர்களுக்குக் கடையில் பதில் கிடைக்கவில்லை. வீரம்மாவும் இன்னும் நாலு பேரும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊரான லிந்துலைக்கு நடந்தார்கள். போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது.

தேர்நாள் காலையில் கோவிலிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் லயத்து முனையில் நின்றுகொண்டே சொன்னார்:

"அழகு, முதலாளி வரச் சொன்னாரு. தப்பு செட்டோட வந்துரு. தேருக்கு முன்னால தப்பு இல்லன்னா நல்லாயிருக்காதாம். நடந்தத மறந்துட்டாராம்."

"எங்களுக்குத் தீட்டுங்களே" என்றான் அழகன்.

"தப்படிக்கிறவனுக்கு என்னாய்யா தீட்டு?"

அழகன் திரும்பி ராக்காயியைப் பார்த்தான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லிந்துலை அரிசி. கல் நிறையக் கிடந்தது.

"அடிக்கிறோம்னு சொல்லு அழகு" என்றாள், தலை நிமிராமல். "ஆனா தெருவுக்கு வர மாட்டோம். மறுபடியும் கழுவுறது அவங்களுக்குச் சிரமம். சொரங்க வாயில நின்னு அடிக்கிறோம். அங்கயிருந்து அடிச்சா இந்த ஊருக்கு நல்லாக் கேக்கும். பத்து வருசமாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க."

அன்று சாயந்தரம் தேர் கிளம்பியது. முன்னால் தப்புக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. தேர் பஜாரின் நடுவுக்கு வந்தபோது பனி இறங்கியது. சுரங்கப் பக்கமிருந்து தப்பு கேட்கத் தொடங்கியது. வடம் பிடித்தவர்கள் நின்றார்கள். பாதி அடியில் நின்றுவிடும் என்று காத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. மலையில் பட்டு, ஒன்று பத்தாகி, தெருவை நிறைத்துக்கொண்டு வந்தது.

அடிக்கிறவர்கள் உயிரோடிருக்கிறவர்கள் என்று இந்தத் தடவை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பேய்களென்றால் ஒரு சேவலோடு தீர்ந்திருக்கும். ஆண்கள் அம்மனை நடுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.